மூன்றாவது இணைப்பு

அத்தியாயம் 4

முஸ்பிறா மூழ்கிவிட்டாள் என்ற செய்தி திங்கட்கிழமை காலை சாய்ந்தமருதுக் கடற்கரையில் கிளம்பி, சைக்கிளில் ஏறிக் கல்முனைச் சந்தைக்குப் போனது. சந்தையில் நின்ற ஒரு புண்ணியவான் அதை நளீர் ஹாஜியாரின் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து பார்த்தால், ஹாஜியாரின் மகள் முஸ்பிறா முற்றத்தில் நின்று தேங்காய் துருவிய கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூழ்கியது அவளுடைய பெயரை வைத்த மீன்பிடிப் போட். மகளின் பெயரைப் போட்டுக்கு வைக்கிறவர்கள் இதையெல்லாம் முதலே யோசிக்க வேண்டும்.

நங்கூரத்தில் கிடந்த போட்டுக்குள் இரண்டு நாளில் தண்ணீர் நிறைந்து, பின்பக்கம் தாழ்ந்து, எஞ்சின் கழுத்து வரை குளித்துவிட்டது. அடியில் கசிகிற தண்ணீரைத் தானாக இறைத்து வெளியே தள்ளுவதற்கு அதில் ஒரு குட்டிப் பம்ப் இருந்தது. ஹாஜியாரின் மகன் ஜித்தாவிலிருந்து அனுப்பியது. பம்ப் நல்லது, பற்றறி நல்லது, இரண்டுக்கும் நடுவே போன வயர் அறுந்திருந்தது. அந்த வயரைப் பூட்டியவர், கரையில் போட்டுகளுக்கு வயர் வேலை பார்க்கிற காலிதீன். ஆகவே குற்றவாளி காலிதீன். இப்படிக் கணக்குப் பார்ப்பதற்கு எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போயிருக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காயர்மார் அங்கே இருந்து விசாரிப்பது என்று முடிவானது. பிழை காலிதீன் மேல் விழுந்தால், இந்தக் கரையில் ஒரு போட்டிலும் அவர் கால் வைக்க முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து அங்கே போய் இருக்கிறவன். மருதமுனையில் இருந்த மாமியார் ஹவ்வா உம்மா, பேர் கெட்ட மருமகன் தன் கூரைக்குக் கீழ் இருக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் அவருடைய தகரப் பெட்டியையும் கட்டிவிட்டார்.

வயரைப் பற்றி மரைக்காயர்மாருக்கு என்ன தெரியும்? அதனால்தான் வியாழக்கிழமை காலை பெரிய மரைக்காயர் அபுல் ஹஸன் காக்காவுக்கு ஆள் அனுப்பினார். நாளைப் பகலுக்குள் உண்மை வேண்டும் என்றார்.

அபுல் ஹஸன் காக்கா முப்பது வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக, ஊர் வாயில் 'முதலியாராக', இருந்து பென்சன் எடுத்தவர். மூன்று மொழியிலும் பொய் கேட்டவர். ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன். நான் மசூர். முன்பு படமாளிகையில் டிக்கெட் கிழித்தேன், இப்போது காக்காவின் உதவியாளன் என்று ஊர் சொல்கிறது. மோட்டார் சைக்கிள் என்னுடையது, பெற்றோல் என்னுடையது, வாயும் என்னுடையது. எந்தக் கதையிலும் வில்லன் யாரென்று இடைவேளைக்கு முதலே சொல்லிவிடுவேன். பாதித் தரம் பிழையாகிப் போகும்.

நாங்கள் கரைக்குப் போனபோது போட்டை இழுத்து மணலில் ஏற்றி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதன் நிழலில் இருந்து போட் ஓட்டியான இப்றாஹிம் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். தங்கூசி என்கிற நைலோன் நூல் வலை. ஒவ்வொரு முடிச்சையும் வாயில் வைத்து நனைத்து, இழுத்து இறுக்கி, முடிச்சுக்கு முடிச்சு நடுவே எங்களுக்குச் சாட்சி சொன்னான். மூன்று வருஷமாக இந்தப் போட்டை ஓட்டுவது தான்தான் என்றும், காலிதீனைத் தவிர வேறு கை இதில் படவில்லை என்றும் சொன்னான். வயர் என்றால் எனக்குப் பாம்பு மாதிரி, பார்த்தாலே விலகிப் போவேன் என்றான். அவன் வாயிலிருந்து வந்ததில் எது முடிச்சு, எது சாட்சி என்று பிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

காக்கா தொப்பியை என் கையில் தந்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் ஆமை மாதிரி போட்டின் அடிக்குள் புகுந்தார். கால் மணித்தியாலம் கழித்து மேலெல்லாம் டீசல் பூசிக்கொண்டு ஒரு முழ நீள வயரோடு வெளியே வந்தார்.

உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய வயர்கள். சிவப்பில் ஓர் இணைப்பு இருந்தது. கறுப்பில் ஓர் இணைப்பு, அதற்கு நாலு விரல் தள்ளி இருந்தது. இரண்டையும் சைக்கிள் வால்டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, மெழுகு உருக்கி அடைத்திருந்தார்கள். காக்கா ஒன்றைக் கீறித் திறந்தார். செம்பு நார்கள் புதுக் காசு போல மினுங்கின. ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து உருட்டி, நுனிகளை எல்லாம் ஒரே பக்கமாகப் படிய வைத்திருந்தது. விரலால் தடவினால் இணைப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அடுத்த சாண் தள்ளி மூன்றாவது இருந்தது. இரண்டு வயரையும் ஒரே இடத்தில் வெட்டி, முறுக்கி, வயருக்கு ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றிக் கொழுக்கட்டை மாதிரி உருட்டியிருந்தது. கொழுக்கட்டையிலிருந்து ஒரு கிளை வயர் வெளியே வந்து நாலு அங்குலத்தில் வெட்டுப்பட்டு நின்றது. பம்பின் வயர் இற்றுப் போனது அங்கேதான்.

"மசூர், இது ரெண்டு ஆளுட கை," என்றார் காக்கா. வயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

காலிதீனைச் சந்தைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிடித்தோம். நாற்பத்து மூன்று வயது, அடர்ந்த மீசை, சேட்டுப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூட்ரைவர். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பரைக் கை முழுக்க நீட்டிப் பிடித்திருந்ததால் அதன் மூலை எதிரில் இருந்தவரின் தேத்தண்ணிக்குள் நனைந்துகொண்டிருந்தது. எதிரில் இருந்தவர் மரியாதையானவர், ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

காக்கா வயரை மேசையில் வைத்து, இதில் எது உங்கள் வேலை என்று கேட்டார். காலிதீன் வயரை எடுத்தார், தூரத்தில் பிடித்தார், திருப்பினார், கீழே வைத்தார்.

"மூணும் என்ட வேலைதான் காக்கா."

"இந்தக் கொழுக்கட்டையுமா?"

"ஓம். பிழைச்சிப் போச்சி. மனிசன்தானே."

வெளியே வந்ததும் நான் மோட்டார் சைக்கிளை உதைத்தபடி, விஷயம் முடிந்தது, குற்றவாளியே ஒத்துக்கொண்டார், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம் என்றேன். காக்கா ஏறவில்லை.

"முப்பது வரிசமா 'நான் செய்யல்ல' எண்ட பொய்யைத்தான் நான் மொழிபெயர்த்த," என்றார். "'நான்தான் செய்தன்' எண்டு ஒருத்தன் பொய் சொல்றத இண்டைக்குத்தான் பார்க்கிறன். அதுவும் பெட்டியக் கட்டி வாசல்ல வெச்ச பிறகு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பார்வை என் இடுப்புக்குக் கீழே போனது. பிறகு அவர் செய்ததை நான் எந்த விசாரணையிலும் சொல்லுவேன். பட்டப்பகல், பிரதான வீதி, அக்கரைப்பற்று பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறது. காக்கா குனிந்து நான் இடுப்பில் உடுத்திருந்த சாறனின் ஓரத்தைப் பிடித்து முழங்காலுக்கு மேல் தூக்கினார். பஸ்ஸில் இருந்த பெண்கள் மறுபக்கம் திரும்பினார்கள். கொண்டக்டர் மட்டும் திரும்பவில்லை.

"இதை எங்க வாங்கின நீ?"

"மருதமுனையில. சாறன்தான் காக்கா, உள்ள ஒண்டும் ஒளிச்சி வெக்கல்ல."

அவர் சாறனின் உட்பக்கத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தார். தறியில் அறுந்த ஒரு நூலை அங்கே இணைத்திருந்தார்கள். நுனிகள் ஒரே பக்கமாகப் படிந்திருந்தன. பக்கத்து நூலிலும் ஓர் இணைப்பு, ஆனால் நாலு விரல் தள்ளி. பையிலிருந்து வயரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அச்சொட்டாக ஒன்றுதான்.

அப்போது எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. தறி நெய்கிறவர் ஒருவர் போட்டில் கை வைத்திருக்கிறார். ஹவ்வா உம்மா மருதமுனையில் பேர்போன தறிக்காரி. மருமகனைத் துரத்த வழி தேடுகிற மாமியார். நீந்தத் தெரியுமா என்பது ஒன்றுதான் மிச்சம். பாண்டிருப்பைத் தாண்டும் வரை இதைக் காக்காவின் காதில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நல்ல இணைப்பைப் போட்டவளைப் பிடித்து என்ன செய்யப் போகிறாய், அறுந்தது மற்றதல்லவா என்று அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

தகரப் பெட்டி சொன்னபடியே வாசல் படலைக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே ஒரு கோழி நின்றது. ஹவ்வா உம்மா முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மருமகனிடம் நேரே கதைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பதினெட்டு வருஷமாகச் சொல்ல வேண்டியதை எல்லாம் கோழியிடம்தான் சொல்கிறார், மருமகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வார் என்று ஊரில் பகிடி உண்டு. இந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனை கோழி மாறியிருக்கும் என்று யோசித்தேன்.

"வெள்ளிக்கிழமை பின்னேரத்தோட இந்தப் பெட்டி போகுது," என்று எங்களுக்குக் கேட்கும்படி கோழிக்குச் சொன்னார்.

முற்றத்துத் தறிக்கொட்டிலில் காலிதீனின் மனைவி நஸீறா இருந்தாள். தறியில் நெடுக்காக ஓடுகிற பழைய பாவின் நூலோடு புதுப் பாவின் நூலை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல். சாம்பலில் விரலைத் தொட்டு, இரண்டு நுனியைச் சேர்த்து ஓர் உருட்டு, அடுத்தது. எங்களைக் கண்டும் கை நிற்கவில்லை.

காக்கா ஹவ்வா உம்மாவிடம், ராத்தா, பக்கத்துப் பக்கத்து நூலில் இணைப்பு ஒரே வரிசையில் வரலாமா என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். ஹவ்வா உம்மாவுக்கு அது வசவு கேட்ட மாதிரி இருந்தது. அப்படி நெய்கிறவளுக்குத் தறி எதற்கு, ஒரே இடத்தில் இரண்டு முடிச்சு விழுந்தால் துணி அங்கேதான் கிழியும், என் மகளுக்கு அதை ஏழு வயதில் படிப்பித்தேன் என்றார். பிறகு, வந்த ஆட்களுக்குப் பிளேன்டி ஊற்றாமல் நிற்கிறேனே என்று தன்னையே ஏசிக்கொண்டு குசினிக்குப் போனார்.

அவர் போனதும் காக்கா வயரை எடுத்துப் பாவின் மேல் வைத்தார். நஸீறாவின் கை நின்றது. முந்தானையால் வயரை மூடினாள்.

"காக்கா, உம்மாக்குத் தெரியா," என்றாள் மெதுவாக.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் காலிதீன் ஒரு லைட்டுக்கு வயர் இணைக்கப் பார்த்து, நார் நாராக விரலில் குத்திக்கொண்டு இருந்தாராம். கிட்டத்தில் உள்ளது அவருக்குத் தெரியவில்லை. அவள் வாங்கி இணைத்துக் கொடுத்தாள். நூலைவிட வயர் லேசு, அறுந்து போகாதே என்று சொன்னாள். கடலில் உப்புக் காற்று தின்னுமே என்று மெழுகும் வால்டியூபும் அவளே யோசித்தது. அன்றிலிருந்து, போட்டில் ஆட்டம், வீட்டில் வைத்துச் செய்து வருகிறேன் என்று சொல்லிச் சின்ன வயரை எல்லாம் அவர் வீட்டுக்குக் கொண்டு வருவார். போட்டில் அவர் செய்வது பெரிய ஆணி முறுக்குவது மட்டும்.

நான் பொறுக்காமல், மூக்கில் இரண்டு கண்ணாடியை மாட்டினால் முடிகிற காரியம்தானே என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்ட வயர்மன எந்தப் போட்ல ஏத்துவாங்க எண்டு கேக்கார்," என்றாள். "குருடன் பூட்டின லைட் எண்டு சொல்லுவாங்களாம். அதான் அந்த மூணாவதையும் தன்ட எண்டு சொல்லியிருப்பார். இல்லயெண்டா, அப்ப உன்ட எப்பிடி, போட்டுக் காட்டு எண்டு கேப்பாங்கதானே."

அவள் கொழுக்கட்டையைக் கையில் எடுத்தாள். இது என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை என்றாள். ரேப்பைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினாள். வெளிச் சுற்று இறுக்கமாக, பழுதில்லாமல் இருந்தது. நடுச் சுற்றும் அப்படியே. கடைசிச் சுற்றைப் பிரித்ததும் பச்சைத் தூள் கொட்டியது.

"வெளிய இருந்து தண்ணி வரல்ல காக்கா. ஈரத்த உள்ளுக்கே வெச்சிக் கட்டியிரிக்கி."

காக்கா சிரித்தார். வழக்கில் சாட்சிக்காரன் வாய் தவறினால் சிரிக்கிற சிரிப்பு அது. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எந்த மடையன் வயரை நனைத்துவிட்டு ரேப் சுற்றுவான்?

நஸீறா ஒன்று மட்டும் கேட்டாள். அவருடைய கண்ணைப் பற்றிப் பள்ளியில் ஒரு சொல்லும் வரக் கூடாது. காக்கா வல்லாஹி என்று சத்தியம் பண்ணினார். அவள் என்னைப் பார்த்தாள். என் வாயைப் பற்றி மருதமுனை வரைக்கும் தெரிந்திருக்கிறது. நானும் பண்ணினேன்.

பிளேன்டியைக் குடித்துவிட்டு இன்னும் ஒரு மைல் வடக்கே, பெரியநீலாவணைக்கு என்னை ஓட்டச் சொன்னார் காக்கா. நளீர் ஹாஜியாரின் போட் வலை போடுகிற இடத்திலேயே தோணி விடுகிறவர் வேலப்போடி. கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் போட்டைப் பற்றி ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்டதும் மனுஷன் கொதித்துவிட்டார்.

"விசேஷமோ? ஒரு மாசமா அந்தப் போட்டு வந்தா முன்னுக்குப் பாட்டுத்தான் வரும், பிறகுதான் போட்டு வரும். கசற் பெட்டி வெச்சி அலற விட்டா மீன் நிக்குமா, சொல்லுங்க முதலியார்."

கிளை வயர் எங்கே போனது என்று எனக்கும் அப்போது பிடிபட்டது. ஆனால் பாட்டுக் கேட்பது ஒரு குற்றமா? இப்றாஹிம் பெட்டியைக் கழற்றி ஒளித்திருப்பான், போட்டில் பாட்டே இல்லை என்பான். வயரை முறுக்கியது அவன் கை என்று எப்படிக் காட்டுவது? திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டேன். காக்கா, நாளைக்கு உன்னுடைய ரேடியோவைக் கொண்டு வா என்றார். என் ரேடியோ நன்றாகத்தான் பாடுகிறது என்றேன். அதன் வயரை அறுத்துக் கொண்டு வா என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வெளி விறாந்தையில் பாய் விரித்து மரைக்காயர்மார் அமர்ந்தார்கள். நளீர் ஹாஜியார் ஒரு பக்கம், அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஏழெட்டுப் போட்காரர்கள். காலிதீன் தூணோடு சாய்ந்து இருந்தார். முகம் வெளிறியிருந்தது. பாவமாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும். சாட்சி சொல்ல இப்றாஹிம் புதுச் சாறன் உடுத்து, அத்தர் பூசி, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தான்.

பெரிய மரைக்காயருக்காகக் காத்திருந்த நேரத்தில் காக்கா என் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, அறுந்த வயரோடு மல்லுக்கட்டினார். சரியாக இப்றாஹிமுக்குப் பக்கத்தில் இருந்து. கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை. கெட்டிக்காரன் ஒருவனுக்கு முன்னால் தெரியாதவன் தடுமாறினால் கை சும்மா இருக்காதல்லவா.

"கொண்டாங்க இஞ்ச," என்று வாங்கினான்.

பல்லால் உறையைக் கடித்து இழுத்தான். இரண்டு நுனியையும் சேர்த்து வாயில் வைத்து நனைத்தான். முறுக்கினான். இன்னொரு தரம் நனைத்தான், இழுத்து இறுக்கினான். நொடியில் முடிந்தது. வயரைப் பாம்பு என்று சொன்னவன்.

காக்கா நன்றி சொல்லிவிட்டு வாங்கினார். வெள்ளைக் கைலேஞ்சி ஒன்றைப் பாயில் விரித்தார். ஒரு பக்கம் போட்டிலிருந்து எடுத்த மூன்றாவது இணைப்பு. மறுபக்கம் ரேடியோ வயர். பெரிய மரைக்காயர் வந்து இருந்ததும், இரண்டையும் பாருங்கள் என்றார். முறுக்கு ஒரே திசை, கடித்த பல்லின் வரிசை ஒரே அளவு, இறுக்கின விதமும் ஒன்று.

"தங்கூசிய நனைச்சி இறுக்கினாத்தான் முடிச்சி பிடிக்கும். வலைக்காரன்ட கைக்கு அது பழக்கம், யோசிக்காமலே செய்வான். செம்ப நனைச்சி ரேப் சுத்தினா உள்ளுக்குள்ளயே அழுகும். வயர் வேலை தெரிஞ்சவன் ஒருநாளும் வாயில வெக்க மாட்டான்," என்றார் காக்கா.

காக்கா வேலப்போடி சொன்ன பாட்டுக் கதையை எடுத்தார். பாதிக்கு வரும்போதே இப்றாஹிம் தலையைக் குனிந்தான். கசற் பெட்டிக்குக் கரண்ட் எடுக்க வயரை வெட்டியது தான்தான் என்றான். பாட்டில்லாமல் கடலில் பொழுது போகவில்லை, இப்படி ஆகும் என்று தெரியாது, போட் மூழ்கின பிறகு பயத்தில் பெட்டியைக் கழற்றி வயரைக் குறுக வெட்டிவிட்டேன் என்றான். ஹாஜியார் பல்லைக் கடித்தார்.

நான் எழும்பத் தயாரானேன். சோற்று நேரம். அப்போதுதான் இப்றாஹிம், விழுந்தவன் பக்கத்தில் நிற்பவனின் சாறனைப் பிடிக்கிற மாதிரி, ஒரு சொல் சொன்னான்.

"என்ட முடிச்சி பிழைதான். ஒத்துக்கொள்றன். ஆனா நேத்து இவரே மூணும் தன்ட வேலை எண்டு சொன்னாராமே. அப்ப சரியான முடிச்சி எப்பிடியெண்டு இதில ஒண்டு போட்டுக் காட்டட்டும்."

பெரிய மரைக்காயர், அது நியாயம்தானே என்றார். வயர்த் துண்டு இரண்டு காலிதீனுக்கு முன்னால் போய் விழுந்தன.

மூன்று மொழி தெரிந்த காக்காவின் வாயைச் சத்தியம் கட்டிவிட்டது. நான் என்னவாவது சொல்லிச் சிரிக்க வைத்துத் திசை திருப்பலாம் என்று பார்த்தேன். அதற்கிடையில் காலிதீனின் கை நீண்டுவிட்டது.

காலிதீன் வயரை எடுத்தார். கையை நீட்டிப் பிடித்தார். உறையைச் சீவினார், பாதி நார் அறுந்து போனது. நுனிகளைச் சேர்க்கப் பார்த்தார். ஒன்றுக்கொன்று சந்திக்காமல் விலகி விலகிப் போயின. முழு விறாந்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் இரண்டு துண்டையும் பாயில் வைத்தார்.

"எனக்குக் கிட்ட உள்ளது தெரியிறல்ல," என்றார். "ரெண்டு வரிசமா. அந்த ரெண்டு நல்ல இணைப்பும் என்ட பொண்டாட்டி நஸீறா போட்டது. இந்தக் கரையில நான் பூட்டின சின்ன வயரெல்லாம் அவட கைதான். நான் ஆணி முறுக்கினன். பேரையும் நான் எடுத்தன்."

நளீர் ஹாஜியார் மெல்லக் கேட்டார்.

"போன மாரியில என்ட மத்தப் போட்டுக்குப் போட்ட மேல் லைட்டு?"

"அவதான் ஹாஜியார்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். அந்த மாரியில் ஓர் அந்திப் பொழுது காற்று மாறி, பத்துப் போட் கடலில் தடுமாறியதை அங்கிருந்த எல்லோரும் அறிவார்கள். தண்ணீர் அள்ளி அடித்தும் ஒரே ஒரு லைட் அணையாமல் எரிந்தது. மற்ற ஒன்பது போட்டும் அதைப் பார்த்துத்தான் கரைக்கு வந்தன. ஹாஜியாரின் இளைய மகன் அதில் ஒன்றில் இருந்தான்.

"அப்ப என்ட புள்ளயக் கரைக்குக் கூட்டி வந்தது அந்தப் புள்ள," என்றார். சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

தீர்ப்புச் சுருக்கமாக வந்தது. எஞ்சினைக் கழற்றிக் கழுவித் துடைத்துப் பூட்டும் வரை இப்றாஹிம் கூலியில்லாமல் நிற்க வேண்டும். பாட்டு வேண்டுமென்றால் வாயால் பாடிக்கொண்டு போகலாம். அதைக் கேட்டதும் போட்டில் கூடப் போகிற இரண்டு பேரும் கசற் பெட்டியையே திருப்பிக் கொடுக்கும்படி கெஞ்சினார்கள். காலிதீன் மேல் பிழையில்லை என்று மரைக்காயர்மார் எழும்பினார்கள். வேறு சொல்ல என்ன இருக்கிறது?

ஆனாலும் காலிதீன் மருதமுனைக்குப் போகப் பயந்தார். பள்ளியில் பேர் மீண்டது வேறு, தன் மகளின் உழைப்பில் மருமகன் இரண்டு வருஷம் பேர் எடுத்தான் என்று ஹவ்வா உம்மாவின் காதுக்குப் போவது வேறு. அன்று இரவு தம்பி வீட்டில் படுத்தார். சனிக்கிழமை காலை எங்களைத் துணைக்குக் கூப்பிட்டார். என் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போனோம். நடுவில் இருந்தவருக்கு மூச்சு வந்ததா என்று தெரியாது.

ஹவ்வா உம்மாவின் படலையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கையில் லைட், ஒருவர் கையில் பம்ப், ஒருவர் தோளில் வயர்ச் சுருள். முன்னால் நின்றது நளீர் ஹாஜியார். தகரப் பெட்டி படலையில் இல்லை. அதைத் தறிக்கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்து, அதன் மேல் மெழுகுதிரியும் வால்டியூபும் பரப்பி, நஸீறா வேலை செய்துகொண்டிருந்தாள். காலிதீனைக் கண்டதும் நிமிர்ந்து பார்த்தாள். ஏன் சொன்னீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு சிரித்துவிட்டாள்.

ஹவ்வா உம்மா தறிக்குப் பக்கத்தில் நின்றார். ஆயிரம் நூலில் பாதி பிணைபடாமல் அப்படியே தொங்கியது. கோழி அவர் காலடியில்தான் நின்றது. அவர் கோழியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பதினெட்டு வருஷத்தில் முதல் தரமாக, மருமகனின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"மருமகன், இப்பவே சந்தைக்குப் போய்க் கண்ணாடி ஒண்டு வாங்கிக்கொண்டு கெதியா வாங்க. அவக்கு இனி நேரமில்ல. பாவு பிணைக்க இஞ்ச ஆளில்ல."

காலிதீன் ஓம் மாமி என்றார். கோழி ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்த்தது. தனக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் மண்ணைக் கிளறப் போய்விட்டது.